பொட்டு வைக்காத பெட்டி

சர்வர் அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் அந்த மஞ்சளேறிய தாளைக் கிழித்துவிட்டு, அங்கே புதிய விதிமுறைப் பட்டியல் ஒன்றை ஒட்டப் போகிறீர்களாம். போன வாரம் நான் ஜெகதாப்பட்டினம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு அது ஒரு பழைய தாள். அதில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு புள்ளிகள். எனக்குத்தான் பகீர் என்றது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது, அந்த அறையில் இனி எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் கதை சொல்ல அதிகாரம் எதற்கு? கேட்டுவிட்டு அப்புறம் கிழியுங்கள்.

நீங்கள் புதிதாக வந்தவர்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை. கீழே ஐஸ் பிளாண்ட், மேலே நாங்கள், கூரையில் ஆண்டெனா. இது அன்றும் அப்படித்தான். கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் எங்கள் கம்பெனி ஒரு சின்னக் கருவியை மாட்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லும், ஆண்டெனா பிடிக்கும், சர்வர் எழுதி வைக்கும், திரையில் ஒரு புள்ளி விழும். இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு மேல் படகு போய்விட்டால் ஆண்டெனாவுக்கு எட்டாது. அதுவரைக்கும் அந்தப் புள்ளிகள்தான் கரையில் இருப்பவர்களுக்கு நிம்மதி. படகு எல்லை தாண்டிவிட்டதோ, பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்ற பயம் அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் புதிதல்ல.

உப்புக் காற்றில் எந்த டிஸ்க் எப்போது மண்டையைப் போடும் என்று சொல்ல முடியாது. அதனால் மூன்று சர்வர்களை நெட்வொர்க்கில் கோத்து, மூன்றின் டிஸ்க்குகளும் சேர்ந்து ஒரே சேமிப்பிடமாகத் தெரியும்படி வைத்திருந்தோம். கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு சர்வர் செத்தாலும் மற்ற இரண்டிலும் படகுகளின் தடம் பத்திரமாக இருக்கும். ஒரே ஒரு சங்கதி: சர்வர் எழுந்திருக்கும்போது அந்தச் சேமிப்பிடத்தை ஒரு காலி ஃபோல்டரின் மேல் ஏற்ற வேண்டும். அதைத்தான் மவுண்ட் என்கிறோம். நான் அதைப் பாய் விரிப்பது என்று நினைத்துக்கொள்வேன். காலி ஃபோல்டர் வெறும் தரை, சேமிப்பிடம் பாய். விரித்தபின் வைப்பதெல்லாம் பாயின் மேல். விரிப்பதற்கு முன்னால் தரையில் ஏதாவது கிடந்தால், பாய்க்கு அடியில் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தரையில் குப்பை கிடந்தால் சில சமயம் பாய் விரிய மறுக்கும். அதற்காக ஒரு காலத்தில் நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: சர்வர் எழும்போதெல்லாம் முதலில் தரையைப் பெருக்கிவிடு, பிறகு பாயை விரி. எழுதிய அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் மறந்தும் போனேன். இந்த வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சர்வர்கள் வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஓய்வெடுக்கும். ஆயுத பூசை. அன்று படகு எதுவும் கடலுக்குப் போகாது, எஞ்சினுக்கெல்லாம் மாலை போட்டு நிறுத்தியிருப்பார்கள். படகு ஓடாத நாளில் சர்வர் மட்டும் ஏன் ஓட வேண்டும் என்பது கருப்பையா அண்ணனின் கேள்வி. ஆண்டெனாவும் கரண்டும் அவர் பொறுப்பு, என்னைவிட நான்கு வயது மூத்தவர், பக்திமான். சர்வர்களைத் துடைத்து, அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, “இன்னைக்கு ஒரு நா அதுகளும் படுத்துக் கெடக்கட்டும் மேரி” என்பார். நான் ஆவூர்ப் பக்கத்துக்காரி, ஞாயிறு சர்ச் பூசைக்குத் தவறாதவள். ஆனால் பொரிக்கும் சுண்டலுக்கும் நான் எப்போதும் முதல் ஆள். அலங்காரமும் என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மூன்று சர்வருக்கும் பொட்டு வைத்தார். யுபிஎஸ்ஸுக்கு, ஏசிக்கு, கீபோர்டுக்கு, ஸ்டேப்ளருக்குக்கூட வைத்தார். மோட்டுவளையை ஒட்டி ஒரு பலகையில் உட்கார்ந்திருந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு மட்டும் வைக்கவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாமான். அது இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. மூன்று சர்வர்களும் ஒன்றோடொன்று பேசுவதே அதன் வழியாகத்தான். நான் சீரியல் லைட் கட்ட ஸ்டூலில் ஏறினேன். மேலே ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் அந்தப் பெட்டியின் பிளக் செருகியிருந்தது. சர்வர்தான் அணைந்திருக்கிறதே, இதற்கென்ன வேலை என்று அதைப் பிடுங்கிவிட்டு லைட்டைச் செருகினேன். சிவப்பும் பச்சையுமாக மினுக்கியது. கைதட்டினார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலை ஆறு மணிக்கு நல்ல நேரம் என்று கருப்பையா அண்ணன் சூடம் காட்டி மூன்று சர்வர்களையும் ஒருசேரப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்தும் திரையில் ஒரு புள்ளியும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்திருக்கிறார். லைட் மினுக்கிக்கொண்டிருந்தது, பெட்டியின் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றிச் செருகினார். புள்ளிகள் விழ ஆரம்பித்தன. அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அதை ஒரு விஷயமாக என்னிடம் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நான் அறந்தாங்கியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. அண்ணன் வாசலிலேயே நின்றார்.

“மேரி, புதுப் புள்ளியெல்லாம் விழுகுது. ஆனா பழைய தடம் ஒண்ணையும் காணோம். போன மாசம், போன வருசம், எல்லாம் தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு.”

உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. பாய் விரியவே இல்லை, மவுண்ட் ஆகவில்லை. புரிந்தவுடன் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஒரே ஒரு வரி தட்டினேன். பாய் விரிந்தது, பழைய தடங்கள் அத்தனையும் வந்து நின்றன. தடத்தை எழுதும் புரோகிராமையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அண்ணன் என் கையில் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்து, “ஒங்க கை ராசியான கை” என்றார். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பொரி தின்றேன்.

ஏன் தானாக மவுண்ட் ஆகவில்லை என்று கேட்டேனா? கேட்கவில்லை. விரிப்பதற்கு முன் தரையில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. கையால் ஏற்றினேன், ஏறிவிட்டது, போதும் என்று விட்டுவிட்டேன். அந்நேரத்துக்குப் படகுகள் ஆண்டெனா எட்டாத தூரம் போயிருக்கும், திரை காலியாக இருப்பது வழக்கம்தான். அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அடுத்த நாள் காலை படகுகள் திரும்பின. பத்து மணிக்கெல்லாம் எல்லாம் கரையேறிவிட்டன, ஒன்றைத் தவிர. செல்வம் ஓட்டிக்கொண்டு போன படகு. அவனோடு சேர்த்து நான்கு பேர்.

செல்வத்தின் அக்கா வள்ளிக்கண்ணு கீழே ஐஸ் பிளாண்டில் வேலை பார்ப்பவள். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் என்று டோக்கன் கிழித்துக் கொடுப்பது அவள்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்ததும் அவள்தான். அவள் மாடி ஏறி வந்தபோது கையில் டோக்கன் கட்டு அப்படியே இருந்தது.

“மேடம், எந்தம்பி படகு எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

மேனேஜர் ஏற்கெனவே திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார். படகு எண்ணைத் தட்டினார். முந்தாநாளுக்கு முந்தைய தடங்கள் எல்லாம் இருந்தன. நேற்றைக்கு ஒரு புள்ளி இல்லை. அந்தப் படகு கரையை விட்டுக் கிளம்பியதாகவே காட்டவில்லை.

“டிவைஸை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கான்” என்றார் மேனேஜர். “அங்கிட்டுத்தான் போயிருக்கான். வேற எதுக்கு ஆஃப் பண்ணணும்?”

அங்கிட்டு என்றால் எல்லைப் பக்கம். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தேடப் போக இரண்டு படகுகள் டீசல் போட்டுக்கொண்டு தயாராக நின்றன. மேனேஜர் சொல்லும் திசையில்தான் அவை போகும். கருவியை அணைத்துவிட்டு எல்லைக்குப் போனான் என்று கடலோரக் காவலுக்கு ஒரு போன் போய்விட்டால், அவன் உயிரோடு திரும்பினாலும் மறுபடி கடலுக்குப் போக மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் கிடைக்காது. வானம் வேறு வடகிழக்கில் கறுத்துக்கொண்டு வந்தது.

“எந்தம்பி ஆஃப் பண்ண மாட்டான்ங்க” என்றாள் வள்ளிக்கண்ணு. “எல்லைப் பக்கம் போறதில்லைன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கான்.”

“எல்லா அக்காவும் இதத்தாம்மா சொல்லுது” என்றார் மேனேஜர்.

அவள் அழவில்லை. கருப்பையா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நேத்து காலையில ஏழு மணிக்கு நான் மேல வந்தேன்ல? நீங்கதான பொரியக் குடுத்து, இந்தா ஒன் தம்பி போறான் பாருன்னு புள்ளியக் காட்டுனீங்க?”

“ஆமா, காட்டுனேன்” என்றார் அண்ணன்.

“அப்ப நான் பாத்தது எங்க போச்சு?”

பதில் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வேற படகோட புள்ளியா இருந்திருக்கும் வள்ளிக்கண்ணு” என்றேன். நல்ல மனதோடு, ஆறுதலாகச் சொல்வதுபோல் சொன்னேன். என் சர்வர் பொய் சொல்லாது என்று அவ்வளவு நம்பிக்கை.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் மற்ற படகுகளின் எண்களையும் தட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நேற்று காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எந்தப் படகுக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. அத்தனை படகும் கருவியை அணைத்துவிட்டுப் போயிருக்க முடியாதே! மூன்று மணி நேரம் முழுசாகக் காணோம்.

“சிஸ்டம் ஏதோ மக்கர் பண்ணுது. ரீஸ்டார்ட் பண்ணுங்க மேரி, வந்துரும்” என்றார் மேனேஜர்.

நானும் சரி என்றேன். உண்மையைச் சொல்கிறேன், சரி என்றேன். இரண்டு படகு காத்து நிற்கிறது, ஒரு அக்கா பக்கத்தில் நிற்கிறாள், மேனேஜர் மூச்சு கழுத்தில் படுகிறது. அந்த நேரத்தில் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்றுதான் கை துடிக்கும். ரீபூட் என்று தட்டிவிட்டேன். என்டர் தட்டுவதுதான் பாக்கி.

அப்போது கருப்பையா அண்ணன் மெதுவாகக் கேட்டார்: “நேத்து மாதிரியே மறுபடியும் பழசெல்லாம் காணாமப் போயிராதே?”

நேற்று மாதிரி.

என் விரல் என்டருக்கு மேல் அப்படியே நின்றது. நேற்று பாய் விரியவில்லை. விரியாதபோதும் புள்ளிகள் விழுந்தன. விழுந்தவை எங்கே விழுந்தன? பாய் இல்லையென்றால் தரையில்தானே விழுந்திருக்கும்? அந்தத் தரையின் மேல்தான் நான் பொரியைத் தின்றுகொண்டு பாயை விரித்தேன். மூன்று மணி நேரமும் பாய்க்கு அடியில் கிடக்கிறது! எங்கேயும் போகவில்லை, இதோ இந்த டிஸ்க்கிலேயே கிடக்கிறது!

சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை. ஏனென்றால் அடுத்த கணம் அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. சர்வர் எழும்போதெல்லாம் முதலில் தரையைப் பெருக்கிவிடு. என் கையால் எழுதிய வரி. என்டர் தட்டியிருந்தால் சர்வர் சமர்த்தாக எழுந்து, செல்வத்தின் தடத்தைக் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிட்டுப் பாயை விரித்திருக்கும். கீபோர்டிலிருந்து கையைச் சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டேன். தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

நான் தயங்குவதாக நினைத்த மேனேஜர் சர்வரின் பவர் பட்டனுக்குக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!”

அவ்வளவு சத்தம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பதினெட்டு வருட வேலையில் மேல் அதிகாரியைப் பார்த்து நான் கத்தியது அது ஒன்றுதான். மனிதர் அப்படியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அந்த மூணு மணி நேரமும் இதுக்குள்ளதான் இருக்கு. கரண்ட் ஒரு நிமிசம் போனாலும் அழிஞ்சிரும். யாரும் எதையும் தொடாதீங்க” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, யுபிஎஸ் கீச்சிட்டது. கீழே ஐஸ் பிளாண்டில் கம்ப்ரஸர் போட்டால் மேலே வோல்டேஜ் குப்புற விழும், தினமும் நடப்பதுதான். யுபிஎஸ் பேட்டரியோ கிழடு. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் வள்ளிக்கண்ணு டோக்கன் கட்டை என் மேசையில் எறிந்தாள்.

“நான் போயி மோட்டர நிறுத்திட்டு வாரேன். நீங்க பாருங்க மேடம்.”

படியில் அவள் இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கீழே ஒரு அதட்டல் கேட்டது. கம்ப்ரஸர் நின்றது. யுபிஎஸ்ஸும் வாயை மூடியது. உருகினால் உருகட்டும் என்று அத்தனை ஐஸையும் நிறுத்த அவளுக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள் என்று பிறகு ஒரு விசாரணையே நடந்தது, அது வேறு கதை.

நான் முதலில் செய்தது அந்தப் பெருக்கும் வரியை அழித்தது. சேமித்தேன். மறுபடி திறந்து, அழிந்துவிட்டதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. இனி கரண்ட் போனாலும் பரவாயில்லை.

அடுத்து, பாயை உருவுவதா? உருவினால் இப்போது வந்துகொண்டிருக்கும் புள்ளிகள் மறுபடி தரையில் விழும். தேடப் போகும் படகுகளின் தடத்தையும் இழப்போம். நல்லவேளையாக, விரித்த பாயை அசைக்காமல் அதே தரையை வேறொரு வாசல் வழியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்களுக்கு அந்தக் கட்டளை தெரியும், இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தட்டுவதற்கு முன் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். அண்ணனையும் படிக்கச் சொன்னேன். அவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் ஒரு மாணவனைப்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். பதற்றத்தில் என் வேகத்தைக் குறைக்க அதைவிட நல்ல உபாயம் எனக்குக் கிடைக்கவில்லை. தட்டினேன்.

இருந்தன! வரிசை வரிசையாக, நேற்றைய தேதியோடு, ஆறே காலிலிருந்து ஒன்பதே கால் வரை, அத்தனை படகும்! நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன் என்று அண்ணன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியவள், சேலை கட்டியவள், குதித்தேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

திறந்து பார்க்கக் கை அரித்தது. முதலில் நகல். இரண்டு வேறு இடங்களில் நகல் எடுத்துவிட்டுத்தான் செல்வத்தின் படகு எண்ணைத் தேடினேன். அதற்குள் வள்ளிக்கண்ணு மூச்சு வாங்க மேலே வந்துவிட்டாள்.

கோடு திரையில் மெல்ல நீண்டது. ஆறரைக்குத் துறைமுகத்தை விட்டது. மற்ற படகுகள் எல்லாம் தென்கிழக்கே போயிருந்தன, மீன் அதிகம் கிடைக்கும் பக்கம், எல்லையும் கிட்ட இருக்கும் பக்கம். இந்தக் கோடு மட்டும் வடகிழக்கே திரும்பி, கோடியக்கரைத் திசையில் தனியாகப் போனது. இரண்டு மணி நேரம் ஒரே நேராக. அப்புறம் வேகம் குறைந்தது. கொஞ்சம் வளைந்தது. பிறகு ஏழு புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று, நகராமல். ஒன்பது மணிக்குக் கடைசிப் புள்ளி. அதன் பிறகு இல்லை.

“டிவைஸ் பழுதாகி ஒரே எடத்தக் காட்டுதோ?” என்றார் மேனேஜர், இந்தத் தடவை கொஞ்சம் பணிவாக.

வள்ளிக்கண்ணு திரைக்கு மிக அருகில் வந்து அந்த ஏழு புள்ளிகளின் மேல் விரலை வைத்தாள்.

“எஞ்சின் நின்னுபோச்சு. நங்கூரம் போட்டுட்டு உக்காந்துருக்கான்” என்றாள். “இந்தப் பக்கம் மீன் பாடு கம்மி, யாரும் வர மாட்டாக. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்ததுக்காக இங்கிட்டுப் போயிருக்கான், கிறுக்குப் பய.”

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

தேடப் போன படகுகள் காத்திருந்து சலித்து, மேனேஜர் முதலில் சொன்ன எல்லைப் பக்கத்தையே நம்பி, அதற்குள் துறைமுகத்தை விட்டுத் தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தன. மேனேஜர் வயர்லெஸ்ஸைப் பிடுங்காத குறையாக எடுத்து, திரும்புங்கள், வடகிழக்கு, இந்த இடம் என்று எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிடுவாரோ என்று நான் பக்கத்தில் நின்று உதடசைத்துக்கொண்டே இருந்தேன். கடலோரக் காவலுக்கும் அதே எண்கள் போயின. அணைத்துவிட்டுப் போனான் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. இரண்டு மணி வாக்கில் மழை பிடித்தது. மூன்று மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது.

“படகு கெடைச்சிருச்சு. நாலு பேரும் நல்லாருக்காங்க. கயறு கட்டி இழுத்துட்டு வாரோம்.”

அண்ணன் சர்வர் மேலிருந்த குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வள்ளிக்கண்ணு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு இழுத்து வரும் படகின் புள்ளிகளை எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். இழுவையோடு வருவதால் அது ஆமை வேகத்தில் ஊர்ந்தது. அவ்வளவு மெதுவான ஒரு புள்ளியை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம்தான், ஏன் மவுண்ட் ஆகவில்லை என்று ஒருவழியாகக் கேட்டேன். அண்ணன் மேலே தொங்கிக்கொண்டிருந்த சீரியல் லைட்டைக் காட்டி, பிளக்கை மாற்றிச் செருகியதைச் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சர்வர்கள் எழுந்தபோது நெட்வொர்க் இல்லை. சேமிப்பிடத்தை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கின்றன, பதில் வரவில்லை, சரி என்று விட்டுவிட்டன. பிறகு நெட்வொர்க் வந்தபோது யாரும் மறுபடி கூப்பிடவில்லை. பிளக்கைப் பிடுங்கியவள் நான். பெருக்கும் வரியை எழுதியவள் நான். பார்க்காமல் பாயை விரித்தவளும் நான்தான். மூன்று தப்பு, மூன்றும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தவை.

அதற்குப் பிறகு நெட்வொர்க் வரும்வரை பொறுத்திருந்து மவுண்ட் செய்யும்படி சர்வர்களை மாற்றினேன். பெருக்கும் வேலையே வேண்டாம் என்று, பாய் இல்லாத வெறும் தரையில் எந்தப் புரோகிராமும் ஒரு எழுத்துகூட எழுத முடியாதபடி பூட்டினேன். பாய் இல்லையென்றால் எழுத முடியவில்லை என்று அது ஊரைக் கூட்டட்டும். சத்தம் போட்டுத் தோற்கிற சிஸ்டத்தை நான் மன்னித்துவிடுவேன். வாயை மூடிக்கொண்டு வேலை செய்வதுபோல் நடிக்கிறதே, அதைக் கண்டால்தான் எனக்குப் பயம். நீங்களும் பதற்றம் என்று வந்தால் ரீஸ்டார்ட்டுக்குக் கையைக் கொண்டுபோவதற்கு முன்னால், அது எதை எதை அழிக்கும் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் தொடாதீர்கள். ஆயுத பூசையில் முதல் பொட்டு மோட்டுவளைப் பெட்டிக்கு என்பது அடுத்த வருடத்திலிருந்து வழக்கம். அண்ணன் ஸ்டூலில் ஏறி வைப்பார், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன்.

தாளின் கதை இன்னும் வரவில்லை, இல்லையா? வருகிறேன்.

இரண்டு நாள் கழித்துச் செல்வம் மாடிக்கு வந்தான். எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறி முதலில் எஞ்சின் போயிருக்கிறது, அரை மணி நேரத்தில் பேட்டரி, அதோடு வயர்லெஸ்ஸும் எங்கள் கருவியும். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“மேடம், அந்தத் தடத்த ஒரு பேப்பர்ல எடுத்துக் குடுக்க முடியுமா? எங்க அக்காகிட்டக் குடுக்கணும். சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன்னு அதுக்குத் தெரியணும்.”

பின்னாலேயே வந்து நின்றிருந்தாள் வள்ளிக்கண்ணு. மேசையில் எறிந்துவிட்டுப் போன டோக்கன் கட்டை எடுக்க வந்தவள்.

“எனக்கு எதுக்குடா பேப்பரு?” என்றாள். “நான் பாக்கறதுக்கு முன்னாடியே நம்பிட்டேன். மேனேஜர் சாருக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கச் சொல்லு. அவருதான் நம்பல.”

நான் இரண்டு பிரிண்ட் எடுத்தேன். ஒன்றை மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு டிராயரில் போட்டுக்கொண்டார்.

“இன்னொண்ணு யாருக்கு மேடம்?” என்று கேட்டாள்.

“எனக்கு” என்றேன்.

வேறு படகாக இருக்கும் என்று நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்து தாளை வாங்கினாள், மேசையிலிருந்த டேப்பைக் கிழித்தாள், கதவின் உட்புறம், சர்வரைத் தொட வருகிறவர் கண்ணுக்கு நேராக, நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினாள்.

“இங்கயே இருக்கட்டும்” என்றாள். “யார் கேட்டாலும் காட்டுங்க.”

ஆகவே பிள்ளைகளே, அது நான் ஒட்டிய தாள் இல்லை, கிழிக்க அனுமதி கொடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. ஒட்டியவள் இன்னும் கீழே ஐஸ் பிளாண்டில்தான் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறாள். இறங்கிப் போய் அவளைக் கேட்டுவிட்டுக் கிழியுங்கள்.